காலி மண்டபம்: காகித நெகட்டிவில் மதுரையைப் பிடித்த ஒரு பகல்

லின்னேயஸ் டிரைப் 1858-ன் தொடக்கத்தில் மதுரையில் எடுத்த படங்களைப் பார்க்கிற யாருக்கும் முதலில் எழுகிற கேள்வி, ஜனமெல்லாம் எங்கே போனது என்பதுதான். மீனாட்சியம்மன் கோயில் இருக்கிறது, நாயக்கர் மகால் இருக்கிறது, தமுக்கம், வைகை, விளக்குத்தூண் எல்லாம் இருக்கின்றன. ஆட்கள்தான் இல்லை. இருந்தாலும் எங்கோ ஓரமாக ஒருவர் இருவர். மதுரையைத் தெரிந்தவர்களால் இதை எளிதில் நம்ப முடியாது. எந்தக் கோயில் வாசலில், எந்த நேரத்தில் இந்த ஊரில் ஆள் இல்லாமல் இருந்திருக்கிறது?

இதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்வார்கள். கேமரா தெரிந்தவர்கள் சொல்வது: அந்தக் காலத்துக் காகித நெகட்டிவுக்கு (வெளிச்சம் கறுப்பாகவும் நிழல் வெளுப்பாகவும் தலைகீழாகப் பதிகிற தாள்) பல நிமிட வெளிச்சம் வேண்டும், நடமாடுகிறவர்கள் அதில் பதியவே மாட்டார்கள். வரலாறு படித்தவர்கள் சொல்வது: கம்பெனிப் படை அதிகாரியின் கண்ணுக்குக் கட்டடம் தெரிந்தது, அதில் வாழ்ந்தவர்கள் தெரியவில்லை. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எதில் எவ்வளவு? புத்தகத்தில் படித்து இதைப் பிரிக்க முடியாது, ஒருமுறை செய்து பார்த்தால்தான் தெரியும் என்று எனக்கு நெடுநாளாக எண்ணம். கல்லூரியில் என்னோடு படித்த நண்பன் இப்போது மதுரையில் வேதியியல் ஆசிரியர். பழைய படமுறைகளில் அவனுக்குச் சில ஆண்டுகளாகவே ஈடுபாடு. "வாடா மாப்ள, மாசி வெயில்ல வச்சுக்குவோம். மழையும் இருக்காது, காத்தும் இருக்காது" என்றான். அந்த ஒரு பகலில் நாங்கள் செய்ததும், அதிலிருந்து டிரைப்பின் படங்களைப் பற்றித் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

யார் இந்த டிரைப்

1822-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. 1855-ல் பர்மாவின் மிண்டோன் மன்னரிடம் கம்பெனி அனுப்பிய தூதுக்குழுவோடு போய் இருநூறுக்கும் மேற்பட்ட காகித நெகட்டிவ்கள் எடுத்தார். அந்தப் பெயர்தான் 1856-ல் அவரைச் சென்னை அரசின் புகைப்படக்காரர் ஆக்கியது. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றினார். அந்தச் சுற்றின் படங்கள் 1858-லேயே தனித்தனித் தொகுப்புகளாக வந்தன. அப்புறம் 1859-ல் சார்லஸ் டிரெவெல்யன் ஆளுநராக வந்தார். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு கஜானா இருந்த நிலையில் இதெல்லாம் வீண் ஆடம்பரம் என்று திட்டத்தையே நிறுத்திவிட்டார். அதன் பிறகு டிரைப் படம் எடுப்பதைக் கிட்டத்தட்ட விட்டே விட்டார். 1902 வரை உயிரோடு இருந்த மனிதரின் புகைப்பட வாழ்க்கை, மொத்தத்தில் சில ஆண்டுகளோடு முடிந்துபோனது. எனக்கு இது இன்னும் ஆறாத வருத்தம்.

ஏனென்றால் அந்தப் படங்கள் இன்று வெறும் அழகுக்காகப் பார்க்கிறவை அல்ல. நாயக்கர் மகாலையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் பார்க்கும் மகால், 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்க்க வைத்த மகால். அதற்கு முந்தைய, இடிந்து கிடந்த மகாலைக் காட்டுகிறவை டிரைப்பின் படங்கள். அவற்றைச் சாட்சியமாக வைத்துப் பேசுகிறவர்கள், அந்தச் சாட்சி எதையெல்லாம் பார்க்க முடியாத கண்ணோடு பார்த்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

என்ன முறை, ஏன்

பிரான்சின் தாகுவேர் கண்ட புகைப்பட முறை 1839-ல் பாரிசில் அறிவிக்கப்பட்டது. வெள்ளி பூசிய தகட்டில் ஒரே ஒரு படம், அதற்குப் பிரதி கிடையாது. இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் காகிதத்தைப் பிடித்துக்கொண்டார். உப்புத் தண்ணீரில் நனைத்து உலர்த்திய காகிதத்தில் சில்வர் நைட்ரேட் பூசினால் சில்வர் குளோரைடு உண்டாகும், அது வெயிலில் கறுக்கும். இதுதான் உப்புக் காகிதப் படம். கேமராவுக்குள் வைக்க இது மிக மந்தமானது. 1840 செப்டம்பரில் டால்பட் இன்னொன்றைக் கண்டார். சில்வர் அயோடைடு பூசிய காகிதத்தில் சிறிது நேரம் வெளிச்சம் பட்டாலே கண்ணுக்குத் தெரியாத ஒரு பதிவு விழுந்துவிடுகிறது. காலிக் ஆசிட் கரைசல் பட்டதும் அது வெளியே வருகிறது. ஒரு மணி நேர வேலை சில நிமிடங்களுக்கு இறங்கியது. 1841-ல் கலோடைப் என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். நெகட்டிவ் ஒன்று, அதிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் பாசிட்டிவ், அதாவது நேரான படம், என்ற ஏற்பாடு இங்கேதான் தொடங்குகிறது.

1851-ல் பிரான்சின் குஸ்தாவ் ல கிரே இன்னொரு திருத்தம் செய்தார். காகிதத்தில் முதலிலேயே தேன்மெழுகை ஏற்றிவிட்டு அதன் மேல் ரசாயனம். அப்படிச் செய்த தாள் உலர்ந்த நிலையிலேயே பல நாள் தாங்கும். மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? டிரைப்பின் நெகட்டிவ்களும் மெழுகிட்ட காகிதங்கள்தான். ஆனால் மெழுகுத் தாளைத் தயாரிக்கவே நாள்கணக்காகும் என்பதால் நாங்கள் டால்பட்டின் கலோடைப் முறையில் நெகட்டிவும், உப்புக் காகிதத்தில் பாசிட்டிவும் என்று முடிவு செய்தோம். உலர்ந்த மெழுகுத் தாள் கலோடைப்பைவிட இன்னும் மந்தம். எங்கள் முடிவுகளை டிரைப்புக்குப் பொருத்தும்போது இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீரும் உப்பும் மாசிக்காயும்

இந்த வேலைக்கு மதுரையில் கிடைக்காத பொருள் அநேகமாக இல்லை. சில்வர் நைட்ரேட், ஹைப்போ (மிச்ச வெள்ளி உப்பைக் கரைத்துப் படத்தை நிலைக்க வைப்பது), பொட்டாசியம் அயோடைடு எல்லாம் ரசாயனக் கடையில் கிடைக்கும். காலிக் ஆசிட்டும் அங்கேயே. ஆனால் அது ஆதியில் எதிலிருந்து வந்ததென்றால், கருவாலி மரத்தின் காய்ப்புகளிலிருந்து. நம் வீடுகளில் கைக்குழந்தைக்கு உரைமருந்து உரைக்கிற மாசிக்காய் அதுவேதான். நாட்டு மருந்துக்கடையில் அதை வாங்கி வைத்திருந்தான் நண்பன், காட்டுவதற்காக மட்டும். வேலைக்குச் சுத்தமான ஆசிட்டைத்தான் எடுத்தான்.

ஆட்டிப் படைப்பது தண்ணீர். வீட்டு போர் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து அதில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டுக் காட்டினான். விட்ட இடத்திலிருந்து வெள்ளையாகத் திரண்டு, கலக்கியதும் டம்ளர் முழுக்கப் பால் நிறம். தண்ணீரில் இருக்கிற குளோரைடு அத்தனையும் வெள்ளியைப் பிடித்துக்கொள்கிறது. கரைசலை இந்தத் தண்ணீரில் போட்டால் காகிதத்துக்குப் போகவேண்டிய வெள்ளி பாட்டிலின் அடியில் கிடக்கும். அதனால் கரைசல் எல்லாம் பேட்டரிக் கடையில் கேனில் விற்கிற டிஸ்டில்டு வாட்டரில்தான். கடைசியாகக் கழுவுவதற்கு மட்டும் போர் தண்ணீர். டிரைப்பும் அவரைப் போன்றவர்களும் ஊர் ஊராகக் கிணற்றையும் குளத்தையும் நம்பி இந்த வேலையைச் செய்தார்கள் என்பதை அந்த டம்ளரைப் பார்த்த பிறகுதான் நான் முழுதாக உணர்ந்தேன்.

உப்பிலும் ஒரு சோதனை வைத்தான். பாக்கெட் உப்பில் அயோடின் சத்தும், கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்ப்பதும் இருப்பதால் அது வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, சில தாள்களுக்கு ஆய்வகச் சோடியம் குளோரைடும் சில தாள்களுக்குத் தூத்துக்குடிக் கல்லுப்பும் எடுத்தான். இரண்டும் 2 சதவீதக் கரைசல், அதில் கொஞ்சம் ஆரோரூட் மாவுக் கஞ்சி. கஞ்சி எதற்கென்றால், வெள்ளி காகிதத்தின் உள்ளே இறங்கிவிடாமல் மேலேயே நிற்பதற்கு. அதன் மேல் 12 சதவீத சில்வர் நைட்ரேட். கணக்குப்படி 1 கிராம் உப்பு கிட்டத்தட்ட 2.9 கிராம் சில்வர் நைட்ரேட்டைத் தின்னும். வெள்ளி எப்போதும் கொஞ்சம் மிச்சமாக இருந்தால்தான் படம் அழுத்தமாக வரும். அந்த மிச்சத்துக்காகத்தான் 12 சதவீதம். வெள்ளி விற்கிற விலையில் இந்த மிச்சம் சுருக்கென்று உறைக்கும். கல்லுப்புத் தாளுக்கும் ஆய்வக உப்புத் தாளுக்கும் கடைசியில் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. நண்பன் தெரிகிறது என்றான். அது ஆசிரியரின் கண்.

காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைய நல்ல ஓவியத் தாள்களில் நெடுநாள் பழுக்காமல் இருக்கச் சுண்ணாம்புச் சத்து சேர்க்கிறார்கள். கலோடைப்புக்கு அது விரோதி, ஆசிட்டோடு சண்டை போடும். சுண்ணாம்பு சேராத பருத்திக் காகிதம் தேடிப் பிடிக்க வேண்டும். கையால் செய்த காகிதத்தையும் முயன்றோம். அதில் எங்கேனும் ஒரு பொடி இரும்புத் துகள் இருந்தால் போதும், அந்த இடத்தில் கறுப்புப் புள்ளி விழுகிறது.

கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் சில்வர் நைட்ரேட் பாட்டிலைத் திறக்கவே அவன் விடமாட்டான். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். தோலில் பட்டால் கறுப்புக் கறை, அது தோல் உரிந்துதான் போகும். தேர்தலில் விரலில் வைக்கிற மையில் இருப்பதும் இதே சில்வர் நைட்ரேட்தான். 1962 பொதுத்தேர்தலிலிருந்து மைசூர் பெயிண்ட்ஸ் தயாரித்துக் கொடுக்கிறது. டால்பட்டின் காகிதத்தைக் கறுக்க வைத்த அதே வேதிவினையை ஓட்டுப் போட்ட ஒவ்வொருவரும் விரலில் சுமந்திருக்கிறோம்.

தெப்பக்குளத்தில் 8 நிமிடம்

டிரைப் நின்ற இடங்களிலேயே நின்று எடுக்கத்தான் ஆசை. ஆனால் விளக்குத்தூண் பகுதியில் இன்று முக்காலியை நிறுத்தினால் ஜவுளிக்கடைக் கூட்டம் நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும். மகாலிலும் கோயிலிலும் அனுமதி வேண்டும். அதனால் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645-ல் கட்டியது, ஒரு பக்கம் ஏறத்தாழ ஆயிரம் அடி. நடுவில் மைய மண்டபம், சுற்றிலும் காவியும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய சுவர். சுற்றுச் சாலையின் ஓரத்தில் நிற்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. நண்பன் வீடும் பக்கத்திலேயே.

முதல் நாளே அயோடைடு ஏற்றிக் கழுவி உலர்த்திய தாள்கள் வெளிர் மஞ்சளாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. விடியுமுன் குளியலறையில், சாமி அறையிலிருந்து கழற்றிய சிவப்பு ஜீரோ வாட் பல்பு வெளிச்சத்தில் அவற்றுக்கு உயிர் கொடுத்தான். இங்கே ஒரு ஒப்பீட்டுக்காக இரண்டு வகை செய்தான். ஒரு வகையில் டால்பட் சொன்னபடி சில்வர் நைட்ரேட், அசிட்டிக் ஆசிட், காலிக் ஆசிட் மூன்றும். இன்னொரு வகையில் காலிக் ஆசிட் இல்லை, அதைப் பிறகு டெவலப் செய்யும்போது மட்டும் சேர்ப்பது. நம் வெக்கையில் எது தாங்கும் என்று பார்க்கவே இந்த ஏற்பாடு.

கேமரா, மூடிப்போன ஒரு ஸ்டுடியோவிலிருந்து அவன் வாங்கிய ஹாஃப் பிளேட் மரக் கேமரா. நெகட்டிவ் 4¾ × 6½ அங்குலம், ஒட்டிவைத்து அச்சிடுவதால் படமும் அதே அளவு. டிரைப்பின் படங்கள் ஏறத்தாழ 25 × 36 சென்டிமீட்டர். பெரிதாக்கும் கருவி இல்லாத காலத்தில் பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய நெகட்டிவ், பெரிய நெகட்டிவ் என்றால் பெட்டி அளவுக்குப் பெரிய கேமரா. ஹாஃப் பிளேட்டைத் தூக்கிக்கொண்டு அரை கிலோமீட்டர் நடந்ததற்கே தோள் வலித்தது.

காலை 7 மணி வாக்கில் கிழக்கு வெயில் மண்டபத்தின் மீது சாய்வாக விழுந்தபோது மூடியைத் திறந்தோம். 8 நிமிடம். ஷட்டர் கிடையாது, லென்ஸ் மூடிதான். அந்த 8 நிமிடத்தில் லென்ஸுக்கு முன்னால் என்னென்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன், பிறகு படத்தோடு ஒப்பிட வேண்டும் என்பதற்காக. நடைப்பயிற்சிக்காரர்கள் வரிசையாகப் போனார்கள். பால் வண்டி ஒன்று கடந்தது. ஒருவர் பைக்கை நிறுத்தி, போனில் பேசி முடித்துவிட்டுப் போனார், 2 நிமிடம் இருக்கும். ஒரு மஞ்சள் ஆட்டோ முழு நேரமும் நின்றது. படியில் ஒரு பெரியவர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், எழுந்திருக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து, ஐஸ் தண்ணீர் நிரப்பிய பெரிய டிரேக்குள் சின்ன டிரேயை வைத்து, அதில் காலிக் ஆசிட் கரைசலை ஊற்றித் தாளை இறக்கினான். வெறும் மஞ்சள் தாள். சில நிமிடத்தில் மேல் பாதி மங்கலாகக் கறுக்கத் தொடங்கியது. அது வானம். நெகட்டிவ் என்பதால் வெளிச்சமான வானம்தான் முதலில் கறுக்கும். அப்புறம் மண்டபத்தின் வெயில் பட்ட பக்கம், தூண்கள் ஒவ்வொன்றாக. அரை மணி நேரம் ஆனது முழுதாக வர. டிரேயை அசைக்கிறவன் அவன், எட்டிப் பார்க்கிறவன் நான். ஹைப்போவில் போட்டு எடுத்து, கழுவி, மாடியில் உலர்த்தி, தேன்மெழுகைத் தடவி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்ததும் காகிதம் எண்ணெய் பட்டதுபோல் ஒளி ஊடுருவத் தொடங்கியது. அதுவரை முரடாகத் தெரிந்த நெகட்டிவ், ஜன்னலில் பிடித்துப் பார்த்தால் சுவரின் பட்டைகளை எண்ணும் அளவுக்குத் துல்லியமாக இருந்தது.

பத்தரை மணித் தாள்கள்

விடியுமுன் தயாரித்த தாள்களில் மீதியைப் பத்தரை மணிக்கு மொட்டைமாடியிலிருந்தே, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியையும் தென்னையையும் நோக்கி எடுத்தோம். காலிக் ஆசிட் சேர்த்த தாள் டெவலப்பரில் இறங்கியதுமே முழுவதும் பழுப்பாக ஏறியது. படம் எங்கோ உள்ளே இருந்தது, பழுப்பு அதை மூடிவிட்டது. சேர்க்காத தாள் சுத்தமாக வந்தது.

காரணம் சிக்கலானதல்ல. காலிக் ஆசிட்டின் வேலையே வெள்ளியைப் பிரித்துக் கறுக்க வைப்பது. வெளிச்சம் பட்ட இடத்தில் அதை விரைவாகச் செய்யும், படாத இடத்தில் மெதுவாகச் செய்யும். சூடு ஏற ஏற அந்த மெதுவும் வேகமாகிவிடும். குளிர்நாட்டில் எழுதிய குறிப்பு அப்படியே மதுரைக்கு ஆகாது. உலர்ந்தே நாள்கணக்கில் தாங்கும் மெழுகுத் தாளை இந்தியாவில் சுற்றியவர்கள் ஏன் விரும்பினார்கள் என்பதற்கு இந்த இரண்டு தாள்களே போதிய பதில்.

வெயிலில் அச்சு

உச்சி வெயிலில் உப்புக் காகிதத்தின் மேல் நெகட்டிவை வைத்து, கண்ணாடி அழுத்திய பிரிண்டிங் ஃப்ரேமில் பூட்டி மாடிச் சுவரில் சாய்த்தோம். ஃப்ரேமின் பின்கதவில் பாதியை மட்டும் திறந்து பார்க்கலாம், படம் நகராது. முதலில் வெளிர் ஊதா, பிறகு கத்தரிப்பூ நிறம், பிறகு ஆழ்ந்த பழுப்பு. போதும் என்று கண் சொல்கிற இடத்தில் எடுக்கக் கூடாது. அதற்கும் மேலே, கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்படுகிற அளவுக்கு விட வேண்டும். ஏனென்றால் ஹைப்போ பட்டதும் படம் சட்டென்று வெளிறி செங்கல் நிறத்துக்கு இறங்கும். உலர்ந்ததும் மறுபடி கொஞ்சம் ஏறும்.

ஹைப்போ வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்று ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1819-லேயே கண்டிருந்தார். 1839-ல் அதை டால்பட்டுக்குச் சொன்னவரும் அவரே. ஆனால் தீர்ந்துபோன ஹைப்போவாலும் சரியாகக் கழுவாததாலும் அன்றைய படங்கள் ஏராளமாக வெளுத்துப்போயின. 1855-ல் லண்டன் புகைப்படச் சங்கம் இதை ஆராயவே ஒரு குழு அமைத்தது. அதனால் நாங்கள் இரண்டு தனித்தனி ஹைப்போத் தொட்டிகள், பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் தண்ணீர். தங்கக் குளோரைடில் போட்டுத் தேற்றினால் நிறமும் ஆயுளும் கூடும், அதற்கு எங்களிடம் வசதியில்லை. வெள்ளி கலந்த கழிவு எதையும் சாக்கடையில் விடவில்லை. உப்பைப் போட்டு வெள்ளியை அடியில் இறக்கி, ஒரு டப்பாவில் சேர்த்து வைக்கிறான்.

படத்தில் இருந்தவையும் இல்லாதவையும்

மாலையில் உலர்ந்த படத்தையும் என் நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு லென்ஸால் துருவிப் பார்த்தோம்.

நடந்து போனவர்களில் ஒருவர்கூட இல்லை. பால் வண்டி இல்லை. பைக் நின்ற இடத்தில் ஒரு மெல்லிய கறை, அதன் வழியே சுவரின் பட்டைகள் தெரிகின்றன. ஆட்டோ முழுதாக இருக்கிறது, ஆனால் அதன் மஞ்சள் உடம்பு கிட்டத்தட்டக் கறுப்பு. சுவரின் காவிப் பட்டைகளும் கறுப்பு. சில்வர் அயோடைடுக்கு நீலமும் புற ஊதாவும்தான் தெரியும், மஞ்சளும் சிவப்பும் அதற்கு இருட்டு. அதே காரணத்தால் நீல வானம் ஒரு துளி சாயல்கூட இல்லாமல் வெறும் வெள்ளை. அன்று காலை வானத்தில் மேகம் இருந்தது. நோட்டில் எழுதியிருக்கிறேன். படத்தில் அதற்கு அடையாளமே இல்லை.

பேப்பர் படித்த பெரியவர் இருக்கிறார். வேட்டியும் முழங்காலும் தெளிவாக, பேப்பர் ஒரு வெள்ளைக் கட்டமாக, தலை மட்டும் கலங்கி. முகம் தெரியாது. ஆனால் அங்கே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

இந்தப் பெரியவர்தான் எங்கள் முழுநாள் உழைப்பின் பலன் என்பேன். நடக்கிறவர்களை அழித்தது ரசாயனம், சரி. ஆனால் உட்கார்ந்திருப்பவர்களை ரசாயனம் அழிக்கவில்லை. எந்தக் காலத்திலும் கோயில் வாசலில், மண்டப நிழலில் உட்கார்ந்தே பொழுதைக் கழிப்பவர்கள் உண்டு. காவல்காரர்கள், பூக்கட்டுபவர்கள், வழிப்போக்கர்கள், சும்மா சாய்ந்து கிடப்பவர்கள். உலர்ந்த மெழுகுத் தாளுக்கு இன்னும் அதிக நேரம் ஆகும், சிலர் எழுந்து போயிருப்பார்கள், கலங்கியிருப்பார்கள் என்று கழித்துக்கொண்டாலும், படத்துக்குப் படம் அத்தனை சுத்தமாக இருப்பதற்கு அது போதாது. அவர்களை ஒதுங்கச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது அவர்கள் இல்லாத கோணத்தையும் நேரத்தையும் டிரைப் தேர்ந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். கட்டடத்தை அளவுபிசகாமல் காட்டுவதே தன் வேலை என்று கருதிய ஒருவருக்கு அது இயல்பான முடிவுதான். ஆனால் அது அவருடைய முடிவு, காகிதத்தின் முடிவு அல்ல.

வானத்தில் இதற்கு நேர் எதிர். வெள்ளை வானம் ரசாயனத்தின் வேலை. டிரைப் அதை அப்படியே விட்டுவிடவில்லை. நெகட்டிவின் மீது தூரிகையால் வண்ணம் தீட்டி வானத்தைச் சமன் செய்தார், சில படங்களில் மேகங்களையே வரைந்து சேர்த்தார். இழந்ததை ஈடுகட்ட அவருக்கு வழி தெரிந்திருந்தது. மேகத்துக்கு அந்த மெனக்கெடல் கிடைத்தது, உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. வரலாற்றுக்காரர்களின் குற்றச்சாட்டை நான் ஏற்றுக்கொள்வது இந்த இடத்தில்தான். "ஆளில்லாத படமெல்லாம் காலனியக் கண்" என்று மொத்தமாக அடித்துவிடுவதை மட்டும் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றும் இந்தப் பகலுக்குப் பிறகு வேறு மாதிரித் தெரிகிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை டிரைப் அதே 1858-ல் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் அந்தக் கல்வெட்டுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் 1891 முதல் பதிப்பிப்பதற்கு 30 ஆண்டுகளுக்கும் முன்பு. முன்பெல்லாம் அதை ஒரு விந்தையாகப் பார்த்துவிட்டுக் கடந்துவிடுவேன். இப்போது ஒவ்வொரு துண்டையும் எண்ணிப் பார்க்கிறேன். கேமரா சுவரிலிருந்து ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில், நேராக நகர வேண்டும். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழ வெயில் ஒரே சாய்வில் வேண்டும், வெயிலோ நிற்காமல் நகரும். ஒவ்வொரு தாளும் ஒரே அளவு வேகம் உள்ளதாக இருக்க வேண்டும், ஒரே அழுத்தத்தில் டெவலப் ஆக வேண்டும், அச்சிலும் ஒரே நிறத்துக்கு வர வேண்டும். ஒரே கரைசலில், ஒரே நேரத்தில் தயாரித்த எங்கள் தாள்களிலேயே ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. அவர் அதைத் தஞ்சை வெயிலில், கூடாரத்துக்குள், கிடைத்த தண்ணீரில் செய்தார். படமெடுக்கிறவன் என்ற முறையில் அந்த 19 அடிக்கு முன்னால் எனக்குக் கைகூப்பத்தான் தோன்றுகிறது.

இப்போதெல்லாம் இந்த முறைகளில் ஈடுபடுகிற பலர், டிஜிட்டல் படத்தை ஒளிபுகும் தாளில் அச்சடித்து, அதையே நெகட்டிவாக வைத்து உப்புக் காகிதத்தில் படம் போடுகிறார்கள். அழகாக வரும், தொடங்குவதற்கு அதுவே எளிது. ஆனால் மேலே சொன்ன எதுவும் அதில் தெரியாது. வானம் இருக்கும், நடக்கிறவர் இருப்பார், காவி காவிக்குரிய சாயலில் இருக்கும். பழைய படங்களைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் நெகட்டிவும் காகிதமாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்த சுற்றுக்கு மெழுகுத் தாள். காலிக் ஆசிட் டெவலப்பரில் மட்டும், சில்வர் நைட்ரேட்டில் கொஞ்சம் சிட்ரிக் ஆசிட், தாள் முந்தின இரவே தயாராக வேண்டும். நண்பனின் மாணவர்கள் சிலர் தெப்பக்குளப் படியில் வந்து உட்காரச் சம்மதித்திருக்கிறார்கள். அசையாமல் இருங்கள் என்று சொல்லப்போவதில்லை. அவரவர் பேசிக்கொண்டும் போன் பார்த்துக்கொண்டும் இருக்கட்டும். 15 நிமிடத் திறப்பில் அவர்களில் எத்தனை பேர் ஆளாகத் தெரிகிறார்கள், எத்தனை பேர் கறையாகக் கரைகிறார்கள் என்று எண்ணிவிட்டால், உட்கார்ந்திருந்தவர்கள் பற்றி நான் சொன்னது மெழுகுத் தாளுக்கும் நிற்குமா என்று தெரிந்துவிடும்.